கூறைச்சேலை கட்டின யூதாஸ்

எங்கடை குருநகரிலை சிமியோனைப் போலை நல்ல மனுசனுமில்லை, சாட்டுச் சொல்லுறதிலை அவனைப் போலை கள்ளனுமில்லை. நடக்கப்போறதெல்லாம் ஆண்டவருக்கு முந்தியே தெரியும் எண்டு சுவாமி ஒருக்காப் பிரசங்கத்திலை சொல்லிப்போட்டார். அண்டைக்குப் பிடிச்சது சனியன். விலக்கெண்டு தெரிஞ்சும் தபசுகாலத்து வெள்ளிக்கிழமை ஆட்டிறைச்சி திண்டுபோட்டு, வேண்டாமெண்டால் ஆண்டவர் பசியை நிப்பாட்டியிருப்பார்தானே எண்டான். சுவாமியிட்டைப் பாவத்தைச் சொல்லுற பாவசங்கீர்த்தனத்திலையும் ஆண்டவரிலைதான் பழியைப் போட்டவனாம். தானே பெருமையாய்ச் சொல்லித் திரிஞ்சான்.

ஆண்டவரின்ரை பாடுகளைக் காட்டுற கூத்திலை பதினொரு வருசமாய் அவன்தான் யூதாஸ். வேறை ஆரும் அந்தக் காட்டிக்குடுக்கிற வேசத்துக்கு வரமாட்டினம். எண்பத்தைஞ்சிலை, உடுப்புக் கிழிஞ்சு போச்சு எண்டு, பெண்சாதி மரியநாயகியின்ரை கூறைச்சேலையைக் கேளாமல் கொள்ளாமல் குறுக்காலை வெட்டி அங்கி தைச்சுப்போட்டான். கலியாணத்தண்டு கட்டின சேலை, அறுவானுக்கு எப்பிடித்தான் மனம் வந்துதோ. அவள் அழுதுகொண்டு கேட்க, அது யூதாசுக்கெண்டு உலகம் உண்டாக முந்தியே குறிச்சு வைச்ச சேலை எண்டானாம். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாசையூருக்குத் தாய் வீட்டை போட்டாள். 'நான்தான் செய்தன்' எண்டு தன்ரை வாயாலை அவன் சொன்னால்தான் திரும்பி வருவாளாம். மூண்டு கிழமை மனுசன் சோறு தண்ணியில்லாமல் வாடினான். அந்த ரண்டு சொல்லு மட்டும் வாயிலை வரேல்லை.

ஊரடங்குக்குப் பயந்து அந்தமுறை கூத்தைப் பின்னேரமே துவங்கினம். நான் சேவகன், வேலோடை அவனுக்குப் பக்கத்திலை நிக்கிறன். யூதாஸ் கழுத்திலை கயித்தைப் போட்டு, விதிதான் தன்னை இழுத்தது எண்டு ஒப்பாரி பாடவேணும். கூத்துப் பழக்கிற அண்ணாவியார் செபநாயகம் கட்டின பாட்டு அது. சனத்துக்குள்ளை முன்பாயிலை மரியநாயகி இருந்ததைச் சிமியோன் கண்டுபோட்டான். மத்தளம் அடிக்குது, அடிக்குது, இவன் வாய் திறக்கிறானில்லை. எனக்குச் சிரிப்பும் வருது, பயமும் வருது.

கடைசியிலை அங்கியைத் தடவிக்கொண்டு, ராகமில்லாமல் சொன்னான்:

"விதியுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை. நான்தான் வெட்டினன்."

அண்ணாவியார் தலையிலை கை வைச்சார். வேதத்திலை வேலைக்காரன்ரை காதை வாளாலை வெட்டினவர் சீடர் இராயப்பரெல்லோ எண்டு ஒரு கிழவர் சண்டைக்கு எழும்பினார். சனம் கொல்லெண்டு சிரிக்குது.

மரியநாயகியும் எழும்பினாள். கண்ணாலை தண்ணி ஓடுது.

"சொல்லிப்போட்டியளெல்லே, பிறகேன் தொங்கவேணும்? கயித்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ வீட்டை."

அவன் மேடையாலை குதிச்சு அவளுக்குப் பின்னாலை ஓடினான். சிரிச்சுக்கொண்டு நிண்ட எனக்கு, சொன்னால் வெக்கம், அழுகை வந்திட்டுது. வேதத்திலை வாற அந்த மற்ற யூதாசையும் ஆரும் அப்பிடிக் கூப்பிட்டிருந்தால், அவனும் இறங்கி வந்திருப்பான்.