வடக்கு தெற்காகத் திரும்பிய திராட்சைக் கம்பிகள்

உயிருள்ள எதையும் தெற்கு வடக்காகக் கிடத்தக்கூடாது என்று எங்கள் வீட்டில் அந்நாளில் நம்பினார்கள். இறந்தவரைத்தான் அப்படிக் கிடத்துவார்கள். பாய்கள் கிழக்கு மேற்காக விரிந்தன. தொட்டிலும் அவ்வாறே தொங்கியது. ஆகவே ஐம்பதுகளின் நடுவில் அப்பா கம்பம் என்ற ஊரிலிருந்து ஆறு பன்னீர்த் திராட்சைப் பதியன்களைக் கொண்டுவந்து மட்டாஞ்சேரி வீட்டுக் கொல்லையில் நட்டபோது, கொடி படரும் கம்பிகளை எத்திசையில் இழுப்பது என்ற கேள்வியே எழவில்லை. வரிசைக்கு மூன்று செடி, இரண்டு வரிசை, இரண்டும் கிழக்கு மேற்கு. சூரியன் பகல் முழுவதும் கொடியோடு கூடவே நடக்கும் என்பது அரிசிக் கிடங்கில் மேற்பார்வையாளராக இருந்த அவருடைய எண்ணம்.

கொல்லைச் சுவருக்கு அப்பால் ஒரு யூதக் குடும்பம் இருந்தது. கணவரை இழந்த ஓர் அம்மாள், அவருடைய ஒரே மகள். அம்மா அவரை, அக்கா என்ற பொருளில், சேச்சி என்று அழைத்தாள்; அவர் அம்மாவை மாமி என்றார். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அது முடிந்ததும் எல்லோரும் இஸ்ரேலுக்குக் கப்பலேறுவதாக ஏற்பாடு. அவர்கள் சடங்குக்கு ஒயின் வேண்டும்; அதை உலர்திராட்சையை ஊறவைத்துப் பிழிந்தே செய்துவந்தார்கள். அந்த வீட்டில் நடக்கவிருந்த கடைசிக் கல்யாணத்துக்கு மட்டுமாவது பறித்த பழத்தில் செய்ய வேண்டும் என்று சேச்சி ஆசைப்பட்டார். சுவருக்கு மேலே எட்டிப் பார்த்த எங்கள் கொடிதான் அந்த ஆசையைக் கிளப்பியது.

கேட்க வந்தவர் வெகுநேரம் தயங்கினார். பழத்தை யாரும் பறிக்கலாம், நசுக்கிய பிறகு மட்டும் தங்களவர் அல்லாத கை படக்கூடாது என்பதை மனம் நோகாமல் எப்படிச் சொல்வது என்ற தயக்கம் அது.

அம்மா சிரித்துவிட்டாள்; குளித்து, யாரும் தொடாமல் மடியாகச் சமைப்பவள் அவள். "மடிதானே சேச்சி? இதை எனக்கா சொல்லணும்?"

அப்பாவுக்கு ஒயின் என்ற சொல்லே உவப்பாக இல்லை. பழம் நம்முடையது, பானைக்குள் நடப்பது அவர்களுடையது என்று தனக்கு ஓர் எல்லை வகுத்துக்கொண்டு சம்மதித்தார்.

முதல் காய்ப்பு மாசியில் வந்தது. கல்யாணத்துக்கு இன்னும் ஓராண்டுக்கு மேல் இருந்ததால், பரீட்சையாக இரண்டு கூடை கொடுத்தோம். சில வாரங்கள் கழித்துச் சேச்சி கழுவிய கூடைகளைத் திருப்பிக்கொண்டு வந்தார். ஒயின் புளித்து நீர்த்துப் போயிற்றாம். குறையாகச் சொல்லவில்லை, கல்யாணத்துக்கு வழக்கம்போல உலர்திராட்சையிலேயே செய்துகொள்கிறேன் என்றார். அப்படிச் சொல்லும்போது அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

காரணத்தை அம்மா கண்டுபிடித்தாள். கிணற்றுப் பக்கம், அதாவது தெற்கே தொங்கிய குலைகள் கறுத்திருந்தன. சமையலறைப் பக்கத்துக் குலைகள் சிவப்போடு நின்றுவிட்டன. தையிலும் மாசியிலும் சூரியன் தெற்கே சாய்ந்து போகிறது. இலைச்சுவரின் நிழல் நாளெல்லாம் வடபுறத்தில் விழுகிறது. அந்தப் பக்கம் விரித்த வடாம் ஒருநாளும் ஒழுங்காகக் காயாததால் அவளுக்கு அது தெரிந்திருந்தது. செடிகளைப் பெயர்க்க வேண்டாம். இரண்டு வரிசையிலும் நேரெதிரே நிற்பவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்து, கம்பியை வடக்கு தெற்காக மாற்றினால் ஒருபுறம் காலை வெயிலும் மறுபுறம் மாலை வெயிலும் பெறும் என்றாள்.

"வடக்கே தலை வெச்சுப் படுக்கப் போடச் சொல்றயா?" என்று அப்பா கேட்டார்.

"கொடிக்குத் தலை எது, கால் எதுன்னு சொல்லுங்கோ. அப்பறம் திசை பாக்கலாம்."

அப்பா இணங்கவில்லை. பல வாரங்கள் அப்படியே சென்றன. ஒரு நாள் கடைவீதியில் சேச்சி ஒரு சாக்கின் முன் குந்தி, உலர்திராட்சையைக் காம்பு நீக்கி ஒவ்வொன்றாகப் பொறுக்குவதை அப்பா கண்டிருக்கிறார். அதைப் பற்றி இரண்டு வாக்கியத்துக்கு மேல் வீட்டில் பேசவில்லை. அடுத்த ஞாயிறு, ராகுகாலம் கழிவதற்கு முன்னாலேயே, கம்பி முறுக்கும் குறடோடு கொல்லைக்குப் போய்விட்டார். பஞ்சாங்கம் பாராமல் அவர் தொடங்கிய வேலை வேறொன்றும் எனக்கு நினைவில்லை.

மழைக்காலத்தில் புதுக்கிளைகள் திருப்பிக் கட்டிய கம்பிகளில் படர்ந்தன. கார்த்திகையில் அப்பா கிளைகளை வெட்டிக் கவாத்து செய்தார். மறு மாசியில் குலைகள் இருபுறமும் ஒன்றுபோலக் கறுத்தன. அப்பாவே பறித்துச் சுவரின் மேல் கூடைகளை வைத்துவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றார். மறுபுறமிருந்து சேச்சியின் கைகள் வந்து எடுத்துக்கொண்டன.

ஆனியில், மழைக்கு நடுவே கல்யாணம் நடந்தது. நாங்கள் குடிக்கவில்லை, முற்றத்தில் உட்கார்ந்து பார்த்தோம். சடங்கு முடிந்ததும் சேச்சி எங்களிடம் வந்து அம்மாவின் பக்கத்தில் நின்றார்.

"நல்ல மதுரம் மாமி. எனக்கு இது போதும்."

ஆவணியில் அவர்கள் கப்பலேறினார்கள்.

அந்த மழையில் கொடிகள் நோயுற்றன. மேற்கிலிருந்து வரும் கடற்காற்று முன்பு வரிசைகளுக்குள் புகுந்து இலைகளை உலர்த்திச் சென்றது; இப்போது வரிசைகளே அதற்குக் குறுக்கே நின்றன. இலைகளில் வெண்பூஞ்சை படிந்தது. இரண்டு ஆண்டுகளில் ஆறும் பட்டுப்போயின. பழைய திசையே சரி என்று சொல்ல அப்பாவுக்கு அதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்த்திருக்காது. அவரோ கம்பிகளைச் சுருட்டிப் பரணில் வைத்துவிட்டு, கைகழுவி, சாப்பிட உட்கார்ந்தார்.

அறுபதுகளின் இறுதியில் சேச்சி காலமானதாக மகள் எழுதினாள். பிறகு அப்பா, அவருக்குப் பின் அம்மா. எனக்கும் அவளுக்கும் இடையே கடிதங்கள் குறைந்துவிட்டன என்றாலும் நிற்கவில்லை. அங்கே அவள் இருக்கிறாள். மட்டாஞ்சேரியில் நான் இருக்கிறேன்.