காற்றுக்கு என்று ஒரு கொலம்

மனோ அக்கா போய்விட்டார்.

காலையில் அவருடைய மகள் லண்டனிலிருந்து வட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டிருந்தாள்.

இங்கே பலருக்கு அவரைத் தெரியாது. எண்பத்தெட்டு, எண்பத்தொன்பதுகளில் யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில், ஊர்காவற்றுறையில் ஒரு நிவாரண ஒஃபிசில் இருவரும் ஒன்றாக வேலை செய்தோம். கைக்குழந்தை உள்ள தாய்மாருக்குப் பால்மா கொடுக்கிற வேலை.

அங்கே ஒரு கொம்பியூட்டர் இருந்தது. ஜெனரேட்டர் ஓடினால்தான் அதுவும் ஓடும். ஸ்கிரீனில் பச்சை எழுத்து மட்டும்தான், வேறு நிறம் கிடையாது.

இப்போது எக்செலில் கண்டிஷனல் ஃபோர்மற்றிங் என்று ஒன்றைத் தட்டினால் கட்டம் தானாகச் சிவக்கிறது. எங்களுக்கு அந்த வேலையைச் செய்தது மனோ அக்காவும் அவருடைய சிவப்புப் பென்சிலும்.

தொடர்ந்து இரண்டு தடவை பால்மா எடுக்க வராத குடும்பம் என்றால், நான் எழுதிய ஃபோர்முலா அந்தப் பெயருக்கு நேரே X போடும். பிரிண்ட் எடுத்ததும் X விழுந்ததை எல்லாம் அக்கா சிவப்பாக்குவார். சிவந்த குடும்பத்தின் பால்மா கார்ட்டை வெட்டச் சொல்லி யாழ்ப்பாணத்து ஹெட் ஒஃபிஸ் ஓர்டர்.

வாடைக்காற்று தொடங்கிய மாதம் எழுவைதீவு முழுக்க X. படகு ஓடாவிட்டால் அந்தத் தாய்மார் எப்படி வருவார்கள்?

அக்கா பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். காற்றையும் இதுக்குச் சொல்லிக் குடும் என்றார். கொம்பியூட்டருக்குக் காற்றடிக்கிறது தெரியாது அக்கா என்று நான் பகிடி விட்டேன். அவர் சிரிக்கவில்லை.

அப்படித்தான் எங்கள் ஷீட்டில் காற்றுக்கு என்று ஒரு கொலம், தனி நிரல், வந்தது. காற்றால் படகு ஓடாத நாளுக்கு 1, ஓடக்கூடிய நாளுக்கு 0. அங்கே 1 இருந்தால், வராதவர்களுக்கு X விழாது. வேறு எந்த ஒஃபிசிலும் இப்படி ஒரு ஃபோர்முலா இருந்திருக்காது :)

காற்று நிலவரம் சொன்னது அக்காவின் கணவர் தம்பிராசா அண்ணை. எழுவைதீவுத் தாய்மாரை ஏற்றி இறக்குகிற படகு அவருடையது. காலையில் துறைக்குப் போகிற வழியில் ஒஃபிஸ் ஜன்னலால் எட்டிப் பார்த்து, இண்டைக்குச் சைபர் போடு மனோ என்று சொல்லிவிட்டுப் போவார். பெரிய ஒஃபிசர் மாதிரி...

அப்படிச் சைபர் சொன்ன ஒரு நாளில்தான் அவர் திரும்பி வரவில்லை.

கடல் குளம் மாதிரிக் கிடந்தது. தாய்மாரை ஏற்றப் போன மனிதனைக் கடலில் வைத்துச் சுட்டுவிட்டார்கள். படகில் இருந்த ஓட்டைகளை நானே பார்த்தேன்.

அதற்குப் பிறகு ஒருவரும் அந்தப் பக்கம் படகு விடவில்லை. தாய்மார் இரண்டு தடவை வரவில்லை.

எட்டாம் நாள் கிரியையான எட்டுச் செலவு முடிந்து அக்கா வேலைக்கு வந்தார். படகு ஓடாத அந்த நாட்களுக்குக் காற்றுக் கொலம் வெறுமையாகவே கிடந்தது. 0 போட்டால் எழுவைதீவுக்கு X. 1 போட்டால்... அண்ணையைக் காற்றுக் கொண்டுபோனதாகிவிடும்.

புதிதாக 2 என்று ஒன்று சேர்க்கிறேன் அக்கா என்றேன்.

"ரெண்டு எண்டா என்னெண்டு ஹெட் ஒஃபிசில கேப்பினம். நீர் என்ன சொல்லுவீர்?"

சுட்டதைச் சொல்லிவிட்டு வீட்டில் நிம்மதியாகப் படுக்கக்கூடிய காலம் இல்லை அது.

அவரே கீபோர்ட்டை இழுத்து 1 அடித்தார்.

"பிள்ளையளுக்குப் பால்மா போகட்டும்."

பிறகு பிரிண்டை எடுத்துவைத்துக்கொண்டு வழமைபோலச் சிவப்படிக்க உட்கார்ந்தார். எனக்கு அவரைப் பார்க்க முடியவில்லை, வெளியே போய்விட்டேன்.

அந்த மாத அறிக்கையில் அண்ணையின் சாவு கடும் காற்றால் நடந்த படகு விபத்து என்று போனது. அக்காவின் சொந்தப் பேப்பர் ஃபைலிலும் அதே வசனம். பிறகு தீவை விட்டு, யாழ்ப்பாணத்தை விட்டு, நாட்டை விட்டு... எங்கே போனாலும், யார் கேட்டாலும், "அவர் கடலில போனவர்" என்பதோடு அக்கா நிறுத்திவிடுவார்.

மகளுக்கு அப்போது ஒரு வயதுகூட இல்லை. இன்று போன் எடுத்தபோது அழுதுகொண்டே கேட்டாள்.

"மாமா, அப்பா காத்திலயோ போனவர்? அம்மாவின்ர பேப்பரில அப்பிடித்தான் கிடக்கு."

இல்லைப் பிள்ளை, அப்பாவைச் சுட்டவங்கள் என்றேன். அன்றைக்குக் காற்றே இல்லை என்றும் சொன்னேன்.

சொல்லிப்போட்டன் அக்கா. கோவிக்காதைங்கோ.

போயிட்டு வாங்கோ.