பொன்னுக்கு வீங்கியும் என் மாமியாரும்

என் மாமியாருக்குத் தன் தாலிச் சங்கிலியின் மேல் அலாதிப் பெருமை. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வேலைக்கு வடக்கே போயிருந்த மகன், அதாவது பின்னாளில் என் கணவர், இருபத்து மூன்று வயதில் இரண்டு கன்னமும் உப்பி வீடு திரும்பியபோது, அதைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டாராம். பொன்னுக்கு வீங்கிக்கு எங்கள் பக்கம் அதுதான் வைத்தியம். "ஊசியில்ல, மாத்தரயில்ல. என்ற சங்கிலியப் போட்டேன், வத்திப்போச்சு சாமி" என்று புதுப்பெண்ணான என்னிடம் சொல்லிப் பூரித்தார். அதற்கு மேல் அந்தக் கதையில் எதுவும் சொன்னதில்லை.

வருஷங்கள் போயின, எங்களுக்குக் குழந்தை இல்லை. குறை என்னுடையதுதான் என்று மாமியார் முடிவு கட்டிவிட்டார். வெறும் வயிற்றில் குமட்டக் குமட்டக் கஷாயம் குடித்தேன். செய்யச் சொன்ன பரிசோதனையெல்லாம் செய்தேன், எல்லாம் சரியாகவே இருந்தது. "ஆம்பளைக்கு என்ன கேடு" என்று மகனை மட்டும் அனுப்பவே இல்லை. சொந்தக்காரர் வீட்டுச் சீர் விசேஷங்களில் நான் மங்கலத் தட்டத்தைத் தொட்டால், "நீ சித்த அக்கட்ட நில்லு அம்மிணி" என்று சிரித்துக்கொண்டே வாங்கிவிடுவார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கடைசியில் சண்டை போட்டுத்தான் கணவரை அஸ்தம்பட்டி டாக்டரிடம் அழைத்துப் போனேன். மாமியாரும் கூடவே வந்து உட்கார்ந்தார். பரிசோதனை முடிவைப் பார்த்து விந்தணு மிகமிகக் குறைவு என்ற டாக்டர், பெரியவனான பிறகு பொன்னுக்கு வீங்கி வந்ததா என்று கேட்டார். மாமியார் உற்சாகமாகச் சங்கிலிக் கதையை ஆரம்பித்தார். "அப்போ விதையிலயும் வீக்கம் இருந்துச்சா?" என்றார் டாக்டர். மாமியார் சங்கிலியை முந்தானைக்குள் தள்ளிக்கொண்டார்.

"இருந்துச்சுங்க. ரெண்டு பக்கமும். நடக்க முடியாமக் கெடந்தேன். அம்மா வெளிய சொல்லக் கூடாதுன்னுட்டாங்க" என்றார் என் கணவர், தரையைப் பார்த்தபடி.

அது வைரஸ் நோய் என்றும், வயது வந்தபின் வந்தால் சிலருக்கு விதைக்கு இறங்கும் என்றும், இரண்டும் சுருங்கிப்போனால் இப்படி ஆகலாம் என்றும் டாக்டர் விளக்கினார். அன்றே வந்திருந்தாலும் தடுத்திருக்க முடியுமா என்று உறுதியாகச் சொல்ல முடியாதாம். சரி, நோய்க்கு நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. ஆனால் விதை வீங்கியது தாய்க்கும் மகனுக்கும் தெரிந்திருந்தது. தெரிந்தே என்னைக் கஷாயம் குடிக்க வைத்தார்கள்.

வெளியே வந்ததும் மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "யார்கிட்டயும் சொல்லிராத சாமி. அவனுக்கு அசிங்கம். ஊரு உன்னையத்தான சொல்லுது, அப்படியே இருந்துட்டுப் போகட்டும்." நான் கையை உருவிக்கொண்டேன்.

அடுத்து சங்ககிரியில் ஒரு சீர். மாமியாரின் அக்கா என் கையிலிருந்த தட்டத்தை வாங்க வந்தார். நான் கொடுக்கவில்லை. கணவரைப் பார்த்தேன், அவர் செல்போனை நோண்டிக்கொண்டிருந்தார்.

"கொற என்கிட்ட இல்லீங்க பெரியம்மா. உங்க தங்கச்சி மகனுக்குப் பொன்னுக்கு வீங்கி விதைக்கு எறங்கிருச்சு. தெரிஞ்சே மறச்சுட்டாங்க. கேளுங்க, அங்கதான் நிக்கறாங்க" என்றேன், பந்தல் முழுக்கக் கேட்கும்படி.

மகனின் மானத்தைச் சந்தியில் வாங்கிவிட்டேன் என்று மாமியார் இன்றுவரை என்னிடம் பேசுவதில்லை. சொந்தபந்தமும் அதையேதான் சொல்கிறது. அத்தனை வருஷமும் என் மானம் எங்கே போயிருந்தது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.