மூலை மழுங்கிய பட்டை

பத்து வயதில் பள்ளிக்கூடச் சுவரிலிருந்து குதித்து முழங்காலுக்குக் கீழே எலும்பை முறித்துக்கொண்டேன். எலும்பு கூடிவிட்டது, நசுங்கிய நரம்புதான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. வலது பாதம் தொங்கியது. கரண்ட் வைத்து நரம்பைத் தட்டியெழுப்பாவிட்டால் கால் இப்படியே நின்றுவிடும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

அந்தக் கரண்ட் நூறு மீன்முள் சேர்ந்து ஏறியதுபோல் குத்தும். இரண்டாம் நாளே டாக்டரம்மாவின் கையைக் கடித்தேன். மூன்றாம் நாள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்றேன்.

அம்மாவின் தம்பி, என் மாமா, துறைமுகத்தில் கிரேன் எலக்ட்ரீசியன். பாக்கெட்டில் டெஸ்டர் இல்லாமல் ஞாயிறு பூசைக்குக்கூடப் போகாதவர். கரண்ட் பாய்ச்சக் காலில் வைக்கும் பட்டையை வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

“பட்டை காஞ்சு கெடக்குக்கா. கரண்ட் பூரா ஒரு மூலையில குமியுது. பரவி வந்தா குத்தாது.”

ஈரத்தில் உப்பு சேர்ந்தால் கரண்ட் நன்றாகப் பரவும். வேறு ஊர்க்காரர் ஒரு சிட்டிகை போட்டிருப்பார். தூத்துக்குடிக்கார மாமா உப்பளத்துப் பாத்தித் தண்ணீரையே கேனில் பிடித்துவந்தார். இரண்டு நாளில் அதைக் கைவிட்டு, அகலமாக, மூலை மழுக்கி, லேசான உப்புநீரில் நனைத்த பஞ்சு வைத்து ஒரு பட்டை செய்தார். டாக்டரம்மா தன் கையில் வைத்துப் பார்த்துவிட்டே எனக்குப் போட்டார்.

குத்தவே இல்லை. லேசாகக் குறுகுறுத்தது, அவ்வளவுதான். அம்மா என் கண்களைப் பொத்தியிருந்ததால் பாதம் துள்ளியதை நான் பார்க்கவில்லை. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது: மாமா எனக்காகக் கரண்டையே நிறுத்திவிட்டார்! இப்படி ஒரு மாமா யாருக்குக் கிடைப்பார்? அவரைக் காட்டிக்கொடுக்கக் கூடாதென்று முன்னைவிடப் பலமாகக் கத்தினேன்.

வாசலில் நின்ற மாமாவின் முகம் சுருங்கிவிட்டது.

“ஏளா, இன்னுமா வலிக்கு?”

“ஆமா மாமா” என்று கண்ணடித்தேன். ஒற்றைக் கண்ணை மூடத் தெரியாததால் இரண்டையும் இறுக்கி மூடினேன். அழுகையை அடக்குகிறேன் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

அதன்பின் வாரம் ஒரு புதுப் பட்டை வந்தது. நானும் வஞ்சனையில்லாமல் கத்தினேன். தூத்துக்குடி வெயிலில் மாமா முழுக்கைச் சட்டை போட ஆரம்பித்தார். புது மாப்பிள்ளை என்று கேலி செய்தேன்.

பாதம் தானாக எழும்பி நான் நடந்த அன்று, அவர் காதில் ரகசியமாகச் சொன்னேன்.

“நீங்க கரண்ட நிப்பாட்டுனத நான் யாருட்டயும் சொல்லல மாமா.”

மாமா கண்ணில் நீர் வரச் சிரித்தார். “கள்ளி” என்று தலையில் தட்டிவிட்டு, சட்டைக்கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டுக்கொண்டார். அது ஏனென்று எனக்குப் புரியவில்லை.

அவர் முன்கையில் ஏழு தழும்புகள் உண்டு. யார் கேட்டாலும் கிரேனில் பட்டது என்பார். இத்தனை வருடம் கழித்து, போன மாதம் அவரை ரத்த அழுத்தம் பார்க்க அழைத்துப் போனபோதுதான், பக்கத்தில் உட்கார்ந்து அவற்றை நிதானமாகப் பார்த்தேன். என் இரண்டு பாதங்களும் தரையில் சமமாகப் பதிந்திருந்தன.

இரண்டு தழும்புகளுக்கு மூலை கூர்மையாக இருந்தது. மற்ற ஐந்துக்கும் மழுங்கியிருந்தது. அந்த ஐந்தும், எனக்கு வலிக்காத பட்டையை வலிக்காமல் ஆக்குவதற்காக, தன் கையிலேயே வைத்துப் பார்த்து அவர் பட்டவை.