மணிக்கூடு பின்னே போன ஞாயிறு

ஒக்டோபரின் அந்தக் கடைசி வாரம் முழுவதும் லண்டனில் வெளிச்சமே வரவில்லை. மழை, பனிப்புகார், மறுபடி மழை. பிளேஸ்டோ தெருக்களில் உதிர்ந்த இலைகள் ஊறிச் சேறாகிக் கிடந்தன. ஞாயிறு காலை பெற்றோல் ஸ்டேசனில் எனக்கு முதல் ஷிப்ட். பிந்தினால் வேலை இல்லை என்று முதலாளி சொல்லியிருந்தார். நானோ விடிந்தது தெரியாமல் தூங்கிவிட்டேன்.

பஸ் தரிப்புக்கு ஓடினேன். அங்கே நம்மவர் ஒருவர், கம்பளித் தொப்பிக்கு மேல் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக் கட்டியபடி நின்றார். சப்பாத்தில் ஒட்டிய இலைகளை நடைபாதை விளிம்பில் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

“அண்ணை, பஸ் போயிட்டுதோ? எட்டு மணிக்கு வேலை. இப்பவே எட்டாகுது.”

“ஆறுதலா நில்லும் தம்பி. இப்ப ஏழுதான். குளிர்காலமெண்டு ராத்திரி மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளிப்போட்டாங்கள்.”

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவன் நான். எந்தப் புத்தகத்திலும் இதைக் காணவில்லை. “உண்மையாவோ?” என்றேன்.

“பின்னை? நானே போய், நான் வேலை செய்யிற கடையின்ரை பூட்டைப் பாத்திட்டு வந்து நிக்கிறன்.”

போன உயிர் திரும்பி வந்தது. சிரிப்பும் கூடவே வந்தது.

“அப்ப நீங்கள் வீட்டை போய் ஒரு தேத்தண்ணி குடிக்கலாமே, அண்ணை?”

“ஏலாது. ராத்திரி என்ரை மனுசி இதைத்தான் சொன்னவ. நான் அப்பிடி இல்லையெண்டு சண்டை பிடிச்சனான். இப்ப போனால் அவ சிரிப்பா.”

பஸ் வந்தது. ஏறி, ஈரக் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். அவர் மழையிலேயே நின்றார். அந்த அக்காவின் சிரிப்பை ஒருதரம் கேட்க வேண்டும் போலிருந்தது.