தக்கை மிதவையும் ஸ்பிரிட் கலந்த பெற்றோலும்: வவுனியாவிலிருந்து முல்லைத்தீவுக்கு

அக்காவின் மகன் யூட், என் ஞானமகன், போன கிழமை வவுனியாவிலிருந்து தொலைபேசியில் கேட்டான்: "மாமா, எதனோல் கலந்த பெற்றோல் வரப்போகுதாம். உங்கட பழைய மோட்டார் சைக்கிளுக்கு விடலாமோ?" தன் பேரனின் ஞானஸ்நானத்துக்கு, நான் அவனிடம் கொடுத்துவிட்ட அந்த வண்டியிலேயே முல்லைத்தீவு போகிறானாம். அறுபதுகளில் அவனுடைய ஞானஸ்நானத்துக்கு அதே வண்டியில் போய்ப் பட்டவன் நான். பழைய வண்டியோடு புறப்படுகிற மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

அப்போது எனக்கு வவுனியாவில் கந்தோரில் எழுத்து வேலை. வண்டி இழுவை இல்லை என்று புலம்பியபோது, பெற்றோல்மக்ஸ் விளக்குப் பற்றவைக்கிற ஸ்பிரிட்டைக் கலந்து பார் என்றான் ஒரு நண்பன். கலந்தேன். ஒரு கிழமை வண்டி பறந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மாங்குளம் வழியாக முல்லைத்தீவு ஏறத்தாழ அறுபது மைல். காலை பத்துக்குப் புறப்பட்டேன். மூன்று மணிக்குக் கோயிலில் நிற்க வேண்டும்; பிந்தினால் அத்தானின் தம்பிதான் ஞானத்தகப்பன் என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

கனகராயன்குளத்துக்குச் சற்று முன்னால் வண்டி செருமிக்கொண்டு நின்றது. தகரங்களில் பெற்றோல் விற்கும் ஹனிபா நானாவின் கடைவரை தள்ளினேன். பெற்றோல் குழாயில் துருவும் சேறுமாக அடைப்பு. இத்தனை வருடம் தாங்கியில் சும்மா கிடந்த துரு இப்போது ஏன் கழன்றது? றப்பர் குழாய் விட்டு வாயால் உறிஞ்சித் தாங்கியை வெறுமையாக்கினேன். ஒரு மிடறு தொண்டைக்குள் போனது, மிச்சம் சட்டையில். நானா குனிந்து மணந்து பார்த்தார்.

"தம்பி, இது பெற்றோல் மணமுமில்லை, சாராய மணமுமில்லை. இதுக்குள்ள என்ன விட்டனீங்கள்?"

அடைத்த குழாயை ஊதித் துப்புரவாக்கி, அவரிடம் ஒரு கலன் நல்ல பெற்றோல் வாங்கி ஊற்றினேன். விலை கேட்காதீர்கள், மறந்துவிட்டது. மாங்குளத்தில் கிழக்கே திரும்பி ஐந்தாறு மைலில் மறுபடி நின்றது. இப்போது காபரேற்றரிலிருந்து பெற்றோல் ஒழுகி ஓடுகிறது. முதலில் வரவேயில்லை, இப்போது நிற்கவேயில்லை. கலப்படத்தில் பறந்த வண்டி நல்ல பெற்றோலில் ஏன் படுக்கிறது? ஒன்றும் விளங்காமல் நடுக்காட்டில் எனக்கு அழுகை வந்தது. கடைசியில் தாங்கிக்குக் கீழே இருந்த பெற்றோல் திருகை மூடினேன். ஒழுக்கு நின்றதும் வண்டி பிடித்தது. கொஞ்சத் தூரத்தில் இருமியது; திறந்தேன், ஒழுகியது; மூடினேன். ஒட்டுசுட்டான், முள்ளியவளை என்று மிச்ச வழி முழுக்க இடது கைக்கு இதே வேலை.

கோயில் வாசலில் இறங்கும்போது மூன்றரை. அத்தானின் தம்பி வெள்ளைச் சட்டையோடு தயாராக நின்றார். கிட்ட வந்த அக்கா முகத்தைச் சுளித்தார்.

"குடிச்சுப்போட்டே வந்தனீ?"

"குடிச்சது நானில்லையக்கா, மோட்டார் சைக்கிள்."

அக்கா என் கைகளைப் பார்த்தார். சேலைத் தலைப்பால் அவற்றில் அப்பியிருந்த கிறீசைத் துடைத்துவிட்டுப் பிள்ளையைத் தந்தார்.

அண்மையில் படித்தபோதுதான் ஓரளவு பிடிபட்டது. அந்தக் கால காபரேற்றரில், பெற்றோல் நிரம்பியதும் மேலெழும்பி வழியை மூடுகிற மிதவை தக்கையால் ஆனது, மேலே அரக்குப் பூச்சு. ஸ்பிரிட்டும் எதனோலும் மதுசாரம்தான்; அது அந்தப் பூச்சைக் கரைத்துவிடும். ஊறிய தக்கை அமிழ்ந்தால் பெற்றோலை மறிக்க ஒன்றுமில்லை. தாங்கித் துருவையும் அதுதான் கழற்றுகிறதாம். பிறகு அந்த முதல் கிழமை வண்டி ஏன் பறந்தது? இன்றுவரை எனக்குக் குழப்பம்தான்.

ஆகவே யூட், புறப்பட முதல் மிதவையையும் றப்பர் குழாய்களையும் மாற்று. தாங்கியைக் கழுவு. கலந்த பெற்றோலை நாட்கணக்கில் தேக்கி வைக்காதே. எது அடைத்தாலும் வாயால் மட்டும் உறிஞ்சாதே. பிள்ளைக்காகச் சாத்தானை விட்டுவிடுகிறாயா என்று ஞானத்தகப்பனிடம் ஒரு தரம்தான் கேட்பார்கள். அன்று சுவாமியார் என்னை மணந்து பார்த்துவிட்டு இரண்டாந்தரமும் கேட்டார்.