பெரிய இன்ஜினும் பழைய சைலன்சரும்

சேந்தமங்கலம் சாலையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் என் வண்டிக்குக் காத்திருந்தபோதுதான் அவரைப் பார்த்தேன். அறுபது வயதிருக்கும். நல்ல உயரம், தோளில் பச்சைத் துண்டு. தன் பழைய டூ ஸ்ட்ரோக் பைக்கின் பின் சீட்டை அந்தத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். முன் சீட்டில் தூசி அப்படியே கிடந்தது.

"பெரிய இன்ஜின மாட்டிட்டு, சின்ன இன்ஜின் சைலன்சரையே உட்டு வெச்சிருக்கீங்களே, பொக சரியா வெளிய போவாம அப்புறம் எப்படீங்க இழுக்கும்?" என்று மெக்கானிக் சத்தம் போட்டார். பொருத்தமான சைலன்சரை மாட்டி, கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் ஜெட்டை மாற்றி, மதியத்துக்குள் ட்யூனிங்கை முடித்தார்.

ஓட்டிப் பார்த்துவிட்டு வந்த பெரியவர் முகத்தில் சந்தோஷமே இல்லை.

"இழுக்கலீங்களா?" என்றேன்.

"நல்லா இழுக்குதுங்க. எங்க ஊட்டுக்குப் போற ஏத்தத்துல ரெண்டு பேரா போனா வண்டி நின்னுக்கும். எங்கூட்டுக்காரி எறங்கி நடப்பா. அதுக்காவத்தான் பெரிய இன்ஜினே போட்டேன். சைலன்சர் சத்தத்துக்குத்தானேன்னு அத மாத்தாம உட்டுட்டனுங்க. போன ஆடியில அவ போயிட்டா. கடசி வரைக்கும் அந்த ஏத்தத்த நடந்தேதான் ஏறுனா."

"அப்ப இப்ப எதுக்குங்க மாத்துனீங்க?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"செஞ்சு தாரேன்னு சொல்லியிருந்தேனுங்க."

வண்டியை ஸ்டார்ட் செய்தார். இன்ஜின் சத்தத்தில் ஒரு பிசிறு இல்லை. இரண்டு கால்களையும் தரையில் ஊன்றி, பின்னால் ஒருவர் ஏறி உட்காரும் நேரம் வரைக்கும் அப்படியே நின்றார். அதற்குப் பிறகுதான் கியரைப் போட்டார்.